முகப்பை வரைய முன்னம்

அன்புள்ள மருமகளுக்கு,

யாழ்ப்பாணம் நாவலர் வீதித் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒரு விரிவாக்கம் வரைவதையே இறுதியாண்டு வேலையாக எடுத்திருக்கிறாய் என்று அக்கா சொன்னா. நல்ல தெரிவு. ஆனால் நீ அனுப்பிய படத்தில் பொதுநூலகத்தின் குவிமாடம் போல ஒன்று நிற்கிறதே, அதை எடுத்துவிடு. 1959இல் திறந்து, 1981இல் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்த கட்டடத்தின் அடையாளம் அது. பழையதோடு சேர்க்கும் புதிய வேலை தன் காலத்தைக் காட்ட வேண்டும் என்று 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் சொல்கிறது. நூலகத்தின் அயலில் இந்திய நிதியில் எழுந்த பண்பாட்டு மையம் அந்தக் குவிமாடத்தை நகலெடுக்கவில்லை, அது சரி. அதன் 11 மாடி உயரந்தான் எனக்கு உவப்பில்லை.

நீ தொடங்க வேண்டிய இடம் வழி. அருங்காட்சியகம் நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. தெருவில் போகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாசலிலிருந்து நிழலோடு ஒரு நடைபாதை போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிறகு பொருட்களைப் பார். கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைகள், ஒல்லாந்தர் பீரங்கிகள், திமிங்கில எலும்புகள்: மூன்றுக்கும் ஒரே அறை பொருந்தாது. கல் விறாந்தையில் காற்றோட்டமாக நிற்கும். இரும்பை உப்புக்காற்று தின்னும். பீரங்கியை மழை படாமல், ஈரநிலத்திலும் இருத்தாமல் வை. ஓலைச்சுவடிக்கும் இடம் ஒதுக்குவதென்றால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது. நம் ஊர் மத்தியான வெயில் யன்னலுக்குள் நேரே வந்தால் அந்த அளவெல்லாம் எந்த மூலைக்கு? அந்த அறைக்கு வெளிச்சுவரே வேண்டாம், உள்ளே தள்ளி வை.

நாற்சார் வீட்டு முற்றம் போல ஒன்று நடுவில் விடலாம். அழகுக்கு என்று விட்டால் மாரியில் மாட்டிக்கொள்வாய். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு கூரையின் தண்ணீரும் அங்கேதான் கொட்டும். பீலியின் அகலம், முற்றத்தின் வாட்டம், தண்ணீர் போகும் இடம் மூன்றையும் முதலே கணக்குப் பார். கீழே சுண்ணாம்புக்கல், நமக்குக் குடிதண்ணீரும் அதற்குள்தான். கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் விடு, மலசலகூடக் குழியை அந்த இடத்திலிருந்தும் அயல் கிணறுகளிலிருந்தும் எட்ட வை.

அடுத்த முறை முகப்புப் படம் அனுப்பாதே. முற்றத்தை ஊடறுத்த வெட்டுமுகப் படத்தை, கூரைச் சரிவோடும் பீலியோடும் அனுப்பு, பிள்ளை. பிழை பிடிக்கிறேன்.

அன்புடன்,
மாமா