முற்பணம் கட்டிய சாப்பாடு: லாபமா, நட்டமா?

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நமது ஊர்களில் சுற்றுலாப் பேச்சும் வந்துவிடும். ஜெயபுரம், முழங்காவில், நாச்சிக்குடா பக்கத்திலிருந்து ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு கொழும்புப் பக்கம் போவார்கள். மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல் என்று இருந்த பயணத்தில் இப்போது ஹங்வெல்ல களுஅக்கலையிலுள்ள லெஷர் வேர்ல்ட், பண்டாரகமையிலுள்ள பேர்ள் பே போன்ற விளையாட்டுப் பூங்காக்களும் சேர்ந்துவிட்டன. கனடா, லண்டன், பாரிஸ் என்று இருக்கும் நம் உறவினர்களோ டிஸ்னி பூங்காக்களுக்குப் போகிறார்கள். எங்கே போனாலும் டிக்கட் எடுக்கும்போது ஒரு கேள்வி வரும். “சாப்பாட்டையும் சேர்த்து இப்போதே கட்டுகிறீர்களா?”

கட்டுவதா, விடுவதா? இதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வருடமாகச் சேமித்த காசு இது. வாய்க்கு வந்தபடி “ஓம்” என்று சொல்லிவிடக் கூடாது.

ஏன் விற்கிறார்கள்?

முதலில் விற்பவரின் பக்கமிருந்து பார்ப்போம். சாப்பாட்டை முன்கூட்டியே விற்றால் அவருக்கு மூன்று நன்மைகள். ஒன்று, சமைக்கும் முன்னரே காசு கைக்கு வருகிறது. இரண்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிவதால் அரிசியும் கோழியும் அளவாக வாங்கலாம், மிச்சம் குறையும். மூன்று, காசு கட்டிய எல்லோரும் கட்டிய அளவுக்குச் சாப்பிடுவதில்லை. சாப்பிடாமல் விட்ட சீட்டெல்லாம் அவருக்குச் சுத்த லாபம்.

முதல் இரண்டும் நியாயமான வியாபார லாபங்கள். அதில் ஒரு பங்கை விலைக்கழிவாக உங்களுக்குத் தந்தால் இரு தரப்புக்கும் நன்மை. மூன்றாவது லாபம் உங்கள் சட்டைப்பையிலிருந்து போவது. முற்பணச் சாப்பாட்டின் முழுக் கணக்கும் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

டிஸ்னியின் கணக்கு

இந்த முறைக்குப் பேர் போன இடம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர்லாண்டோ அருகே உள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்ட். கொவிட் காரணமாக 2020இல் நிறுத்திய சாப்பாட்டுத் திட்டத்தை 2024 ஜனவரி 9 முதல் மீண்டும் தொடங்கினார்கள். அந்த ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு மட்டுமே இது உண்டு. 2024இல் சாதாரணத் திட்டத்தின் விலை பெரியவருக்கு ஓர் இரவுக்கு 57.01 டொலர், 3 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு 23.83 டொலர். அதற்கு இரண்டு நேரச் சாப்பாடு, ஒரு சிற்றுண்டி, ஹோட்டலில் திரும்பத் திரும்பப் பானம் நிரப்பிக்கொள்ள ஒரு கோப்பை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உம்மா, வாப்பா, பத்து வயது மகன், ஐந்து வயது மகள். பத்து வயதானால் பெரியவர் விலை. எனவே ஓர் இரவுக்கு 194.86 டொலர், நான்கு இரவுக்கு 779.44 டொலர். இதற்கு 32 சாப்பாடும் 16 சிற்றுண்டியும் கிடைக்கும்.

இனி நிபந்தனைகளைப் பாருங்கள். ஒருவருக்கு எடுத்தால் அதே பதிவில் உள்ள மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் எடுக்க வேண்டும். ஹோட்டலை விட்டுப் போகும் நாள் நள்ளிரவோடு மிச்சமான சீட்டுகள் செல்லாது. காசும் திரும்பி வராது. பரிமாறுபவருக்கான சந்தோசப் பணம் இதில் சேராது. வெயிலில் அலைந்த பிள்ளை ஒரு நேரம் சாப்பிட மறுத்தால் அந்த நேரம் போனதுதான்.

நமக்கு இன்னுமொரு விஷயம் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் சாப்பாட்டோடு சேரும் பானத்தை, 21 வயது நிறைந்தவர்கள் மது விற்கும் இடங்களில் மதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம். மாட்டிறைச்சியும் கோழியும் மதுவும் எடுப்பவரும், மீனும் மரக்கறியும் தண்ணீரும் எடுப்பவரும் ஒரே விலைதான் கட்டுகிறார்கள். விலை போட்டவர் சராசரி வாடிக்கையாளரை மனதில் வைத்துத்தான் போட்டிருப்பார். ஹலால் பார்த்துச் சாப்பிடும் குடும்பம் அந்தச் சராசரியில் இல்லை. அது மலிவான சாப்பாட்டை எடுத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரின் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

நமது பயணத்தின் கணக்கு

இதே அளவுகோலை உள்ளூருக்குக் கொண்டுவருவோம். விலைகள் மாறிக்கொண்டிருப்பதால் ஓர் உதாரணம் மட்டும் தருகிறேன். பகல் புபே பெரியவருக்கு 1,800 ரூபா, சின்னப் பிள்ளைக்கு 1,200 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். உம்மா, வாப்பா, மூத்தம்மா, 12 வயது மகன், 5 வயது மகள் ஆகிய ஐந்து பேருக்கு 8,400 ரூபா.

முற்பணம் கட்டாமல் உள்ளே வாங்கினால் என்ன ஆகும்? மூத்தம்மாவும் சின்ன மகளும் ஒரு சோற்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். எனவே நான்கு சோறு 1,300 ரூபாப்படி 5,200. பானங்கள் ஐந்து 250 ரூபாப்படி 1,250. பின்னேரத் தேநீரும் வடையும் 1,000. மொத்தம் 7,450 ரூபா. முற்பணம் கட்டியிருந்தால் 950 ரூபா கூடுதல். பின்னேரத் தேநீர் புபேயில் சேராவிட்டால் 1,950 ரூபா கூடுதல். ஆனால் அந்த வீட்டில் நன்றாகச் சாப்பிடும் மூன்று இளைஞர்கள் இருந்தால் கணக்குத் தலைகீழாக மாறிவிடும். ஆகவே பக்கத்து வீட்டாரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எப்போது கட்டலாம்?

1. கூட்டமாகப் போகும்போது. மத்ரஸாவோ பாடசாலையோ 45 பிள்ளைகளுடன் போனால் வரிசையில் நின்று வாங்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும். முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிவந்த பஸ்ஸுக்கு அந்த மணித்தியாலமும் காசுதான்.

2. வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாத இடத்தில். இந்தியாவின் வொண்டர்லா பூங்காக்கள் போல சில இடங்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. 2000இல் கொச்சியில் தொடங்கிய அந்த நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னையிலும் பூங்கா திறந்திருக்கிறது. பலாலியிலிருந்து விமானத்தில் சென்னை போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

3. விலைக்கழிவு உண்மையாக இருக்கும்போது. உள்ளே விற்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துண்டுப் பிரசுரத்தில் “பெறுமதி” என்று போட்டிருக்கும் தொகையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மாறாக, கைக்குழந்தையும் வயோதிபரும் அதிகமான குடும்பம், ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் குடும்பம், வீட்டிலிருந்து பார்சல் கொண்டுபோக அனுமதி உள்ள இடம் – இவற்றுக்கு முற்பணச் சாப்பாடு பெரும்பாலும் நட்டம்.

காசு கட்டும் முன்

ஸலம் என்னும் முற்பண வியாபாரம் நமது மார்க்கத்தில் தெரிந்த ஒன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் பேரீச்சம் பழத்துக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்பே காசு கொடுத்து வந்தார்கள். அளவும் நிறையும் தவணையும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நபியவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். பூங்காச் சாப்பாடு ஸலத்தில் சேருமா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒழுங்கில் உள்ள பாடம் எல்லா முற்பணத்துக்கும் பொருந்தும். எது, எவ்வளவு, எப்போது என்பது தெரியாமல் காசு கொடுக்கக் கூடாது.

எனவே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என்னென்ன கறி, எத்தனை தடவை எடுக்கலாம்? பிள்ளை விலை எந்த வயது வரை? மழை பெய்து பயணம் நின்றால் காசு திரும்புமா, வேறு தினம் தருவார்களா? சமையலறைக்கு ஹலால் சான்றிதழ் உண்டா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா? கோழிப் பக்கற்றில் ஹலால் இலச்சினை இருப்பதும், அந்தச் சமையலறை முழுவதும் ஹலாலாக இருப்பதும் ஒன்றல்ல. பதிலை எழுத்தில் வாங்குங்கள், பற்றுச்சீட்டும் வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை.

பயணம் ஒழுங்கு செய்யும் நமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊராரிடம் சாப்பாட்டுக் காசை முன்கூட்டியே வாங்குகிறீர்கள். வராமல் போனவருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதைக் காசு வாங்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பூங்காக்காரர் உங்களுக்குத் தரும் விலைக்கழிவையும் மறைக்காதீர்கள். உங்கள் கூலி இவ்வளவு என்று வெளிப்படையாகப் போடுங்கள். சாப்பிடாத சீட்டில் வரும் லாபம் ஒரு தடவை வரும். வெளிப்படையாக நடந்தவரிடம் ஊர் அடுத்த விடுமுறைக்கும் வரும்.

கட்டிவிட்டோம் என்பதற்காகத் தட்டு நிறைய அள்ளி மிச்சம் வைப்பதும் லாபமல்ல. அது வீண்விரயம். சாப்பிடக்கூடிய அளவுக்குக் கணக்குப் பார்த்து, அந்த அளவுக்குக் காசு கட்டுங்கள். அல்லாஹ் நமது சம்பாத்தியத்திலும் செலவிலும் பரக்கத் செய்வானாக.