இனி ரத்தம் கொடுக்க வேண்டாம்

அன்பு மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று மாதம் முடிந்து பார்த்த எச்.ஐ.வி. சோதனையும் நெகட்டிவ், நாலாம் மாதம் பார்த்ததும் நெகட்டிவ். ஆனாலும் ‘கிட் கோளாறாக இருந்தால் என்ன செய்வது மாமா?’ என்று கேட்டிருக்கிறாய். ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்றுதான் என்னிடம் கேட்கிறாய். அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

சோதனைக் கிட்டின் அட்டையில் கன்ட்ரோல் கோடு என்று ஒன்று உண்டு. ரத்தத்தையும் கரைசலையும் சொட்டுவிட்ட பிறகு அந்தக் கோடு தெரியாவிட்டால் அட்டை செல்லாது; தூக்கிப் போட்டுவிட்டு வேறு அட்டையில் பார்ப்போம். அது தெளிவாகத் தெரிந்து, பக்கத்தில் கிருமிக்கான கோடு வராமல் இருந்தால்தான் நெகட்டிவ் என்று எழுதுவோம். கிருமிக்கான கோடு தெரிந்தாலும் உடனே பாசிட்டிவ் என்று சொல்வதில்லை. வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளும் ஒரே முடிவைக் காட்ட வேண்டும். நெகட்டிவ் தவறிப்போக முக்கியமான காரணம், அவசரப்பட்டுச் சீக்கிரம் பார்ப்பது. எதிர்ப்புப் பொருளை மட்டும் பார்க்கும் சோதனைக்கு 90 நாள் வரை பொறுக்க வேண்டும். கிருமியின் பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனையை, நரம்பில் எடுத்த ரத்தத்தில் ஆய்வகத்தில் செய்தால் 45 நாள் போதும். தடுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், நீ சாப்பிடவில்லை. நீ பயப்படும் அந்த ஒரு நாள் உறவுக்குப் பிறகு வேறு தொடர்பும் இல்லை என்கிறாய். அப்படியானால் உனக்கு எச்.ஐ.வி. இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

கழுத்தில் நெறி, நாக்கில் வெள்ளை, வயிறு சரியில்லை, எடை குறைகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்கு இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றின் முதல் காய்ச்சலும் தொண்டைவலியும் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வந்து, தானாகவே அடங்கிவிடும். அவை சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வருபவைதான். அறிகுறியை வைத்து எந்த டாக்டரும் எச்.ஐ.வி. என்று முடிவு செய்வதில்லை. கழுத்தை நாள் முழுக்க அழுத்திப் பார்த்தால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். ராத்திரி தூங்காமல், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் எடை குறையாமல் என்ன செய்யும்? பயம் வயிற்றைக் கலக்கும் என்பது பரீட்சைக்குப் போன எல்லாருக்கும் தெரியும்.

ஒரு பொது மருத்துவரிடம் போ. ‘எச்.ஐ.வி. பார்த்தாயிற்று, இல்லை, இந்தத் தொந்தரவுகளுக்கு வேறு காரணம் உண்டா?’ என்று கேள். சர்க்கரை, தைராய்டு, தேவைப்பட்டால் காசநோய்ச் சோதனை என்று அவர் சொல்வதைச் செய். சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி இரண்டையும் இதுவரை பார்க்காவிட்டால் ஒரு தடவை பார்த்துவிடு. எச்.ஐ.வி.யையே நினைத்துக்கொண்டு நீ மறந்திருக்கக்கூடியவை அவைதான்.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தபோது மருந்து என்று ஒன்றும் கையில் இல்லை. அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் நம் வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2004-லிருந்து அரசே கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். அவர்களிடமிருந்து துணைக்கும் தொற்றுவதில்லை. தொற்று வந்தவர்களே இப்படி வாழும்போது, வராத நீ வேலையை விடலாமா என்று யோசிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குப் பிறகும் உனக்கு எத்தனை நாள் நிம்மதி இருந்தது? இரண்டு நாள், மூன்று நாள். பிறகு அடுத்த லேப். இன்னும் பத்துத் தடவை பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். இந்தப் பதற்றமே ஒரு நோய். அதற்கு வைத்தியம் உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போ. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய், தமிழிலேயே பேசலாம். எச்.ஐ.வி. பற்றிய சந்தேகத்தை ஆலோசகரிடம் கேட்கவேண்டும் என்றால் அரசின் நம்பிக்கை மையம் இருக்கிறது. உன் விவரத்தை அவர்கள் வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது.

என் அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மருத்துவரைப் பார்க்க எந்த நாள் தோது என்று எழுது. நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா