வில்லங்கம் இருக்கிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இமெயிலும் சினிமாவும் தவிர இதில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்பதுதான். இந்த மாதம் உருப்படியான வேலை ஒன்றைப் பார்ப்போம். வீடு அல்லது மனை வாங்குவதற்கு முன், அதன் பெயரில் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியுள்ளன என்று நாமே தேடிப் பார்ப்பது.

என் தங்கை மகன் மந்தைவெளியில் பழைய பிளாட் ஒன்றை விலை பேசியிருந்தான். வெள்ளிக்கிழமை ஐந்து லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. புதன்கிழமை இரவு போன் செய்து, "மாமா, ஈசி ஆன்லைனிலேயே பார்க்கலாமாமே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றான். ஈசி என்பது வில்லங்கச் சான்று. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, "ஒரு வில்லங்கமும் இல்லை, தைரியமாகக் கொடு" என்று சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வழிமுறை.

அடுத்தவர் சொத்தின் விவரத்தை நாம் பார்க்கலாமா என்ற தயக்கம் வேண்டாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57-ஆவது பிரிவில், அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தும் யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கவுன்ட்டி அலுவலகத்தில் இப்படித்தான் நிலப் பத்திரங்களைப் பொதுமக்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். நமக்கு அந்த இடம் சார்பதிவாளர் அலுவலகம். தமிழகப் பதிவுத்துறை 2018-இல் தொடங்கிய ஸ்டார் 2.0 திட்டத்திற்குப் பின், இந்த வேலையின் பெரும்பகுதி டிஎன்ரெஜிநெட் என்ற தளத்துக்கு வந்துவிட்டது. பார்வையிட மட்டும் என்றால் கட்டணம் இல்லை.

பிரவுசரைத் திறந்து முகவரிக் கட்டத்தில் நீங்களே டைப் செய்திடவும். கூகுளில் தேடிப் போனால், விளம்பரமாக நிற்கும் தனியார் தளங்கள் சில பணம் கேட்கும். முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். தளத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்க்கலாம்.

மின்னணு சேவைகள் என்ற மெனுவில் வில்லங்கச் சான்று, அதனுள் பார்வையிடுவதற்கான பிரிவு எனச் செல்லவும். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் என வரிசையாகக் கேட்கும். இங்கு மாவட்டம் என்பது பதிவு மாவட்டம். சென்னை நகருக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு மாவட்டங்கள் உள்ளன. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் அலுவலகம் பட்டியலில் வராது. உங்கள் தெரு எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று அறியவும் இதே தளத்தில் வசதி உள்ளது. அடுத்து ஆரம்ப நாள், முடிவு நாள். பல அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரம் கிடைக்கும். அதற்கு முந்தையது திரையில் வராவிட்டால் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத்தான் தேட வேண்டும்.

அதன் பிறகு கிராமம். மயிலாப்பூரில் ஏது கிராமம் என்று நினைக்காதீர்கள். இது வருவாய்த் துறையின் கணக்கு; நாம் அழைக்கும் பேட்டைப் பெயரும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெசன்ட் நகர் பத்திரத்தைப் பிரித்தால் ஊரூர் கிராமம் என்று இருக்கும். தி.நகர் 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி. அங்குள்ள பல பத்திரங்கள் இன்றும் மாம்பலம் என்றே சொல்லும். ஆகவே விலாசத்தைப் பார்த்து நிரப்பாமல், பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தைப் பார்த்து நிரப்பவும்.

சர்வே எண், உட்பிரிவு எண் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பத்திரத்தில் 1234/5 என்றிருந்தால் கோட்டுக்கு முன்னால் உள்ளது சர்வே எண், பின்னால் உள்ளது உட்பிரிவு. டைப் செய்தபின் சேர்க்க என்ற பட்டனை அழுத்த மறக்காதீர்கள். அதை அழுத்தாமல் தேடினால் தளம் திரும்பத் திரும்பப் பிழை காட்டும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று புதியவர்கள் பயப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மொபைலுக்கு ஓடிபி வந்தால் அதைக் கொடுத்து, படத்தில் உள்ள எழுத்துகளையும் டைப் செய்து தேடவும். சான்று பிடிஎப் பைலாக இறங்கும். உடனே அதற்குத் தேதியும் சர்வே எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்து, தனி போல்டரில் சேமியுங்கள். டவுன்லோட் போல்டரில் விட்டால் நாலு நாளில் எது எந்தச் சொத்து என்று தெரியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அன்று எனக்குப் பதிவுகள் ஏதும் இல்லை என்ற பதில் வந்தது. மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டடம் 1988-இல் கட்டியது. எட்டு பேர் வாங்கிக் குடியிருக்கிறார்கள். எட்டு பத்திரமாவது இருக்க வேண்டாமா? ஒன்றுகூட இல்லை என்று தளம் சொல்கிறது, நானும் நம்பியிருக்கிறேன்!

நகல் பத்திரத்தை எடுத்து மீண்டும் படித்தேன். பழைய மயிலாப்பூர்ப் பத்திரங்களில் ஒரே மனைக்கு ஓ.எஸ். எண் என்ற பழைய சர்வே எண், ஆர்.எஸ். எண் என்ற மறு சர்வே எண், கலெக்டர் சான்று எண் எனப் பல எண்கள் வரிசையாக நிற்கும். இந்த மனையில் உட்பிரிவும் பிற்பாடு மாறியிருந்தது. விற்பவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் இருந்த புதிய உட்பிரிவை மட்டும் கொடுத்து நான் தேடியிருக்கிறேன். பழைய பத்திரங்கள் பழைய எண்ணில்தான் கிடக்கின்றன. தளம் பொய் சொல்லவில்லை; நான் கேட்ட எண்ணுக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான். "பதிவு இல்லை" என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், பத்திரத்தில் உள்ள மற்ற எண்களையும் உட்பிரிவுகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்.

பழைய ஆர்.எஸ். எண்ணைக் கொடுத்ததும் ஏழு பக்கம் வந்தது. அடுக்குமாடி என்றால் ஒரே மனையில் எல்லா வீட்டுக்காரர்களின் பத்திரங்களும் கலந்துதான் வரும். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், தேதிகள், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் இருக்கும். கீழே உள்ள சொத்து விவரத்தில் வீட்டு எண்ணைப் பார்த்து நம்முடையதை மட்டும் பென்சிலால் குறித்துக் கொண்டேன். மூன்று தேறின. முதலாவது கட்டுநரிடமிருந்து கிரயம். இரண்டாவது இப்போது விற்பவருக்குக் கிரயம். மூன்றாவது 2014-இல் உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு, எழுதி வாங்கியது ஒரு வங்கி.

அதாவது வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். கடன் அடைந்திருந்தால் பின்னால் ரசீது ஆவணம் ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லை. விற்பவரிடம் கேட்டபோது, "அதெல்லாம் எப்போதோ முடிந்து போனது சார்" என்றார். வங்கிக் கடிதம் கேட்டோம். பதினொரு லட்சம் பாக்கி என்று வந்தது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் நின்றது. பிறகு அந்தப் பதினொரு லட்சம் நேராக வங்கிக்குப் போகும்படி ஒப்பந்தம் எழுதி, ரசீது பதிவான பிறகே கிரயம் முடித்தார்கள்.

வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதியப்படுவதால் இதில் தெரியாது. சென்னை போன்ற நகரங்களில் எழுத்து எதுவும் இல்லாமல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்துக் கடன் வாங்கினாலும் சட்டப்படி அது அடமானம்தான். சொத்து மாற்றச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. பதிவாகாத அத்தகைய கடன் இங்கே வராது. அதற்காக, வங்கிகள் தங்கள் அடமானங்களைத் தெரிவிக்கும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தின் தளத்திலும் ஒரு முறை தேடுங்கள். இது 2011-இல் தொடங்கியது. சிறு கட்டணம் உண்டு. வழக்கு இருக்கிறதா என்பதை ஈகோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பெயரின் ஆங்கில எழுத்துகளை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் இறக்கிய இந்த நகல் நம் பார்வைக்கு மட்டுமே. வங்கிக் கடனுக்குக் கொடுக்க, அதே தளத்தில் யூசர் பெயர் பதிந்து, கட்டணம் செலுத்தி, மின் கையொப்பமிட்ட சான்றைப் பெற வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதும் அதே சர்வே எண் கட்டங்கள்தான் வரும். பழைய எண், புதிய எண் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.