பாயைக் குறைக்கும் நேரம்

அன்புள்ள பேத்திக்கு,

பாய்க்கப்பல் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். ஜிபிஎஸ்ஸும் ராடாரும் இருக்கும்போது கயிறு இழுத்து என்ன ஆகப்போகிறது என்று உன் தோழிகள் கேட்பதில் நியாயம் உண்டு. முடிச்சு போடவும் நட்சத்திரம் பார்க்கவும்தான் என்றால் போகவே வேண்டாம், கரையிலேயே கற்கலாம். தொல்லை வருமுன் முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் கரையில் வராது. அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 20 நாட் காற்று 28 ஆனால் காதுக்கு இரைச்சல் சற்றுக் கூடியதாகத்தான் தெரியும்; பாயின்மேல் விழும் சுமையோ ஏறக்குறைய இரட்டித்திருக்கும். அதன்பிறகு மேலே ஏறிப் பாயைச் சுருட்டுவது எளிதல்ல. பாயைத் தாங்கும் குறுக்கு மரமான பருமலுக்குக் கீழே ஓடும் கயிற்றில் கால் வைத்து, மரத்தின்மேல் வயிற்றை அழுத்திக் குனிந்து, நனைந்து தகரம்போல் விறைத்த துணியைப் பிடிப்பிடியாக அள்ள வேண்டும். விரலுக்கு அகப்படவே அகப்படாது. சற்று முன்பு நாலு பேர் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு இப்போது பத்துப் பேர் போதாது. ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போமே’ என்று மனம் சொல்லும் நேரம்தான் பாயைக் குறைக்கும் நேரம்.

இதை உயிரைப் பணயம் வைத்தா கற்க வேண்டும் என்று உன் அம்மா கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். 1957இல் ஜெர்மனியின் ‘பாமிர்’ என்ற பயிற்சிப் பாய்க்கப்பல் புயலில் கவிழ்ந்தபோது 86 பேரில் 6 பேரே தப்பினார்கள். ஆனால், 2010 பிப்ரவரி 17 அன்று பிரேசில் கடலில் கவிழ்ந்த ‘கான்கார்டியா’வைக் கொஞ்சம் ஊன்றிப் பார். மாணவர்கள் படித்துக்கொண்டே பயணம் செய்த கப்பல் அது. இயற்கையின் அசாதாரணத் தாக்குதல் என்றுதான் முதலில் பேச்சு அடிபட்டது. கனடாவின் விசாரணை வாரியம் அதை ஏற்கவில்லை. வந்தது அந்தக் கடலில் வழக்கமான சூறைக்காற்றுதான். காவலில் இருந்த அதிகாரி ஆபத்தை உணர்ந்து பாயைக் குறைக்கவில்லை, கதவுகளும் காற்றுத் துளைகளும் அடைக்கப்படாமல் இருந்தன என்றது. எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று காட்டும் வரைபடங்கள் கப்பலிலேயே இருந்தன. அவற்றைப் பயன்படுத்தப் பழக்கப்பட்டவர்கள்தான் இல்லை. அப்படியிருந்தும் 64 பேரும் மிதவைகளில் ஏறிப் பிழைத்தார்கள். அது முன்கூட்டியே செய்த ஒத்திகையின் பலன். தாமதம் கப்பலைக் கொன்றது, தயார்நிலை ஆட்களைக் காத்தது. பாய்க்கப்பலே கூடாது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இயந்திரக் கப்பலிலும் முன்யோசனை வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். பெரிய சரக்குக் கப்பல் நிற்பதற்கே பல கிலோமீட்டர் ஓடும். ஆனால் அங்கே சிறு பிசகுகளை இயந்திரம் மூடி மறைத்துவிடும். இளம் அதிகாரிக்குத் தான் தாமதித்ததே தெரியாமல் போகும். பாய்க்கப்பலில் தளம் சாய்ந்து உடனே சொல்லிவிடும். ‘தாரிணி’ என்ற பாய்ப்படகை எண்ணிப் பார். இந்தியக் கடற்படை அதிகாரிகளான கேரளத்து தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் அந்த 17 மீட்டர் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். இரண்டே பேர். தாமதித்தால் கைகொடுக்க மூன்றாம் ஆள் கிடையாது. பாய்க்கப்பலில் பயின்றவரெல்லாம் சிறந்த அதிகாரிகள் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிறவர்களை நம்பாதே.

கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பலான ‘தரங்கிணி’யில் இடம் கிடைத்தால் தயங்காமல் போ. ஏறிய முதல் வாரத்திலேயே கப்பலின் நிலைத்தன்மைக் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படி. காவலில் இருக்கும்போது பாயைக் குறைக்க வேண்டும் என்று பட்டால், பயிற்சி பெற வந்தவள்தானே என்று கூசாமல் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்.

அன்புடன்,
தாத்தா