பழைய வீடியோ கேமில் தமிழ் எழுத்து ஓடுமா?

கேள்வி: திருவாடானையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த டி.வி. கேம் இன்னும் ஓடுகிறது. நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இப்போது அதில் மரியோ ஆடுகிறாள். கோட்டையை முடித்ததும் வரும் இங்கிலீஷ் வரிகளைக் காட்டி, "இது என்னப்பா சொல்லுது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். ஜப்பானிய மொழியில் மட்டும் வந்த கேம்களை ரசிகர்களே 'பேட்ச்' போட்டு இங்கிலீஷுக்கு மாற்றுகிறார்கள் என்று யூடியூபில் பார்த்தேன். அதே மாதிரி மரியோவைத் தமிழுக்கு மாற்ற முடியுமா? மாற்றியதை இதே கேசட்டில் ஏற்ற முடியுமா? சால்டரிங் எனக்கு நன்றாக வரும், புரோகிராமிங் தெரியாது. சட்டச் சிக்கல் ஏதும் வருமா?
— வாசகர், திருவாடானை

பதில்: மாற்ற முடியும். ஆனால் அந்தக் கேசட்டில் ஏற்ற முடியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணிவிடுவீர்கள்.

கடைத்தெருவில் விற்ற கேசட்டுகளில் பெரும்பாலானவற்றைத் திறந்தால், கால் வைத்த சிப் இருக்காது. பச்சைப் பலகையின் நடுவில் உறைந்துபோன கருப்புப் பிசின் பொட்டு ஒன்றுதான் இருக்கும். சிப் அதற்கு அடியில். அதில் உள்ளது தொழிற்சாலையிலேயே பதிந்துபோன தகவல், அழித்து எழுத வழியில்லை. மரியோவை வெளியிட்ட நிண்டெண்டோவின் அசல் கேசட்டுகளில் கால் வைத்த சிப் இருக்கும், ஆனால் அதுவும் அழிக்க முடியாத மாஸ்க் ரோம்தான். எனவே வேலை முழுவதும் கம்ப்யூட்டரில், கேசட்டிலுள்ள தகவலின் நகலான ரோம் கோப்பின் மேல் நடக்கும். பழைய பெட்டி போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஓட்டிப் பார்த்துச் சரியானபின், மெமரி கார்டு செருகும் எவர்டிரைவ் போன்ற கேசட்டில் போட்டு உங்கள் பழைய பெட்டியிலேயே ஓட்டலாம். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். நம் ஊரில் புழங்கிய பெட்டிகள் பெரும்பாலும் நிண்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் பெட்டியின் நகல், கேசட் வாய் 60 பின். அமெரிக்காவில் விற்ற என்.இ.எஸ். பெட்டிக்கு 72 பின். மாற்றி வாங்கினால் உள்ளே போகாது.

இனி பேட்ச். பழைய புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்களே, இன்ன பக்கம் இன்ன வரியில் இப்படித் திருத்திப் படிக்கவும் என்று, பேட்ச் அதுதான். அதில் விளையாட்டு இருக்காது. 'இத்தனையாவது பைட்டில் தொடங்கி இத்தனை பைட்டை இப்படி மாற்று' என்ற பட்டியல் மட்டும் இருக்கும். பழைய கேம்களுக்கு அதிகம் புழங்கும் ஐ.பி.எஸ். கோப்பு தொடக்கத்தில் அடையாளத்துக்கு 5 பைட், முடிவில் 3 பைட் வைத்திருக்கும். நடுவில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடத்தைச் சொல்ல 3 பைட், நீளத்தைச் சொல்ல 2 பைட், பிறகு புதிய தகவல். இடம் சொல்ல 3 பைட்தான் என்பதால் 16 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்புக்கு இது எட்டாது. மரியோவுக்கு அந்தக் கவலை வேண்டாம். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், தலைப்புக் குறிப்பையும் சேர்த்து 40,976 பைட்தான். இன்று உங்கள் வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று அதைவிடப் பெரிது.

அந்த 40,976-இல் எழுத்து எங்கே இருக்கிறது என்பதுதான் சுவையான இடம். கேமுக்குள் ஆங்கில எழுத்து என்று எதுவும் கிடையாது. 8-க்கு 8 புள்ளி கொண்ட படக்கட்டங்கள் இருக்கின்றன, டைல் என்பார்கள். ஒரு டைலுக்கு 16 பைட். செங்கல், மேகம், புதர், எழுத்து எல்லாமே டைல்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மரியோவில் 0 முதல் 9 வரை இலக்கங்கள், 10 முதல் 35 வரை ஏ முதல் இசட் வரை, 36 வெற்றுக் கட்டம். திரையின் மேல் இடது மூலையில் மரியோ என்ற பெயர் தெரிகிறதல்லவா, கோப்பில் அது 22, 10, 27, 18, 24 என்று ஐந்து எண்ணாகக் கிடக்கிறது. 22 என்பது எம் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. 22-ஆம் படத்தை இங்கே வை என்பது மட்டும் தெரியும்.

நமக்கு வசதி அங்கேதான். 22-ஆம் டைலில் எம் படத்தை அழித்துவிட்டு ம வரைந்தால், இயந்திரம் ஒன்றும் கேட்காமல் ம என்று காட்டும். யுனிகோடு பற்றிய கவலையே இல்லை. மரியோ என்பது நமக்கு மூன்று எழுத்து. கட்டமாக உடைத்தால் ம, ரி, ஏகாரக் கொம்பு, ய, கால் என்று ஐந்து. ஆங்கிலத்திலும் ஐந்து. கொம்பு யகரத்துக்கு முன்னால் வருகிறதே என்று குழம்ப வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத வேண்டும், பழைய தமிழ் டைப்ரைட்டரில் அடித்த மாதிரி. இந்த ஐந்து கட்டத்தை மட்டும் மாற்றினால், புதிய டைல் படங்களை விட்டுவிட்டு எண்களுக்கான பேட்ச் மொத்தம் 18 பைட்.

இதோடு நின்றால் எல்லாம் சுலபம்தான். ண என்று ஒன்று இருக்கிறதே! எட்டுப் புள்ளி அகலத்தில் பக்கத்து எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு புள்ளி விட வேண்டும், மிச்சம் ஏழு. அந்த ஏழில் ணகரத்தின் சுழிகளை எப்படி நெருக்கினாலும் அது ன ஆகிவிடும், அல்லது யாருக்கும் தெரியாத எழுத்தாகிவிடும். ஞ, ஊ இரண்டுக்கும் இதே கதைதான். உயரத்திலும் நெருக்கடிதான். மேலே புள்ளி, நடுவில் உடல், கீழே உகர வால் எல்லாம் எட்டு வரிசைக்குள் அடங்க வேண்டும். திரையே 256-க்கு 240 புள்ளி, அதாவது 32 பத்தி, 30 வரி. அகலமான எழுத்துக்கு இரண்டு கட்டம் ஒதுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

புள்ளிக்கு மட்டும் ஒரு நல்ல வழி உண்டு, அதை ஜப்பான்காரர்களே செய்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுத்தில் ka ஒலியை ga ஆக்க மேல் மூலையில் இரண்டு சிறு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டோடு சேர்த்து ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வரைந்தால் டைல் தீர்ந்துவிடும் என்று, பல ஃபேமிகாம் கேம்களில் அந்தக் கோடுகளை மட்டும் தனி டைலாக்கி, எழுத்துக்கு மேல் வரியில் வைத்தார்கள். நம் மெய்ப்புள்ளியையும் அப்படியே மேல் வரியில் வைக்கலாம். 18 மெய்யெழுத்து டைல் மிச்சம், செலவு ஒரே ஒரு புள்ளி டைல். ஆகவே வசனம் நிறைந்த கேமைத் தமிழாக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: ஆங்கிலப் பதிப்பை எடுக்காதீர்கள், ஜப்பானியப் பதிப்பை எடுங்கள். அதில் பெரும்பாலும் வரிக்கு மேல் இடம் விட்டே எழுதியிருப்பார்கள், மேல் வரியில் குறி வைக்கும் நிரலும் தயாராக இருக்கும்.

எந்தெந்த வடிவங்களை வரைவது என்று நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. 1990-களின் பிற்பாதியில் பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி என்ற குறியீட்டு அட்டவணையைத் தேடிப் பாருங்கள். தமிழக அரசு 1999-இல், சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்றது. திஸ்கியை உருவாக்கியவர்களுக்கு இருந்ததும் உங்கள் சிக்கல்தான். 256 இடத்தில் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு 247 தமிழ் எழுத்தை எப்படி நுழைப்பது? கால், கொம்பு, விசிறி ஆகியவற்றைத் தனியாகப் பிரித்தார்கள். கு, கூ வரிசை ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம் என்பதால் 36-ஐயும் அப்படியே வைத்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில், உயிர் 12, ஆய்தம், உயிர்மெய் அகரம் 18, உகர ஊகாரம் 36, துணைக்குறிகள் 6, தனி வடிவமுள்ள டி, டீ, மேல்வரிப் புள்ளி ஒன்று, ஆக 76 வடிவம். யுனிகோடு பரவியபின் திஸ்கியைத் தொடுவாரில்லை. பழைய கேம் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

மரியோவில் 76 இடம் காலி கிடையாது, செங்கலும் குழாயும் மேகமும் அதே 256 டைலைப் பங்கு போடுகின்றன. ஆனால் 76-ம் தேவைப்படாது. மொத்த கேமிலும் இருப்பது சில வரிகள்தான். நன்றி சொல்லும் வரி, இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்ற வரி, கடைசியில் வரும் வாழ்த்து, உலகம், நேரம், ஆட்டம் முடிந்தது. இவற்றில் வரும் எழுத்துகளை மட்டும் வரைந்தால் போதும். எழுத்து கூடினால் வாசகத்தை மாற்றுங்கள். 1986-இல் முதல் டிராகன் குவெஸ்ட் செய்தவர்கள் இடம் போதாமல் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்துகளில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளுக்குள் அடங்கும்படி பெயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தாதியும் சித்திரகவியும் எழுதிய மொழிக்கு இது பெரிய கட்டுப்பாடு ஆகாது. நீளத்திலும் ஒரு விதி உண்டு. ஆங்கிலத்தில் மரியோவுக்கு நன்றி சொல்லும் வரி 16 கட்டம். 'நன்றி மரியோ!' பத்துப் பதினோரு கட்டத்தில் அடங்கும், மிச்சத்தில் 36-ஐப் போட்டு வெறுமையாக்குங்கள். பழைய நீளத்தைத் தாண்டாதவரை புரோகிராமைத் தொடவே வேண்டாம். புரோகிராமிங் தெரியாத உங்களுக்கு இதுதான் எல்லை, இந்த எல்லைக்குள்ளேயே மரியோ முடிந்துவிடும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு யூடியூபில் நீங்கள் பார்த்த பெரிய கேம்கள் உதாரணம். 1992-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 5-ஐ ஆர்.பி.ஜி.இ. என்ற ரசிகர் குழு 1990-களின் இறுதியில் ஆங்கிலமாக்கியது. மதர் 3 ஜப்பானில் 2006 ஏப்ரலில் வந்தது, ரசிகர்களின் ஆங்கில பேட்ச் 2008 அக்டோபரில். அதை முன்நின்று நடத்திய கிளைட் மாண்டலின் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும்படி திரையில் எழுதும் நிரலையே அவர்கள் திருத்த வேண்டியிருந்தது. தன் மொழிபெயர்ப்பை நிண்டெண்டோவே இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று 2013-இல் மாண்டலின் சொன்னார், நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. லைவ் எ லைவ் கேமுக்கு வேறு விதமாக நடந்தது. 1994-இல் வந்த அதற்கு ரசிகர் பேட்ச் 2001-இல், நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு 2022-இல். இவை எல்லாம் குழுவாகச் சேர்ந்து செய்த வேலை. கடையை மூடிவிட்டு இரவில் தனியாக உட்கார்ந்து ஒருவர் இதில் இறங்கினால் பாதியில் நிற்கும். வசனம் குறைந்ததை எடுத்து முழுவதும் முடிப்பதே மேல். கூகுள் மொழிபெயர்ப்பில் வந்ததை அப்படியே கொட்டுவதாக இருந்தால் தயவுசெய்து ஆரம்பிக்கவே வேண்டாம்.

சட்டம் கேட்டீர்கள். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்பு என்றே கணக்கில் கொள்கிறது. அதைப் பிரதி எடுக்கவும் மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமையாளருக்கே உரிமை. விலக்கும் இருக்கிறது. சட்டப்படி சொந்தமாகப் பெற்ற பிரதியிலிருந்து, வியாபாரமில்லாத சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதையும் மாற்றுவதையும் 52(1)(ஏடி) பிரிவு அனுமதிக்கிறது. இடறுவது 'சட்டப்படி பெற்ற' என்ற இடத்தில்தான். 9999 இன் 1 என்று அட்டை ஒட்டி வந்த கேசட்டுகள் நிண்டெண்டோ அனுமதித்தவை இல்லை. உங்கள் மாமா காசு கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியிருக்கலாம், அதனால் அது அசல் ஆகிவிடாது. நெட்டில் கிடைக்கும் ரோமும் அப்படியே. பேட்சை மட்டும் பகிர்வதில் நிறுவனத்தின் கேம் எதுவும் கைமாறுவதில்லை, அதனால்தான் ரசிகர்கள் அந்த வழியைப் பிடித்தார்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பு உரிமை உரிமையாளரிடம்தான் இருக்கிறது, அவர் எதிர்த்தால் நிறுத்த வேண்டியதுதான். சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸையும் மொழிபெயர்ப்பதில் தவறில்லை என்பதற்கு உதாரணம் காட்டி எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. அந்தக் காமிக்ஸ்காரர்கள் வெளிநாட்டுப் பதிப்பாளரிடம் உரிமை வாங்கி அச்சிடுகிறவர்கள், அது வேறு. தமிழ் மரியோவைக் கேசட்டில் ஏற்றி விற்கலாம் என்று யாராவது உங்கள் கடைக்கு வந்து ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

சிக்கலே வேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது. இதே பழைய பெட்டிக்காக இன்றும் புதிதாகக் கேம் எழுதி, மூலநிரலோடு இலவசமாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். துவைட் என்று ஒன்று, வானத்திலிருந்து விழும் ஏவுகணைகளிலிருந்து ஓர் ஊரைக் காப்பாற்றும் ஆட்டம். நோவா தி ஸ்குவிரல், மரியோ மாதிரி ஓடித் தாவும் ஆட்டம். இரண்டும் ஜி.பி.எல். உரிமத்தில் வந்தவை. நீங்கள் தமிழாக்கி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், மாற்றிய மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் துவைட்டில்தான் கை வைப்பேன்.

தேவையான கருவிகள் எல்லாம் இலவசம். எஃப்.சி.இ.யு.எக்ஸ். எமுலேட்டரிலேயே பைட் திருத்தியும் டைல் பார்க்கும் சாளரமும் உண்டு. டைல் வரைய ஒய்.ஒய்.-சி.எச்.ஆர்., பேட்ச் எடுக்க லூனார் ஐ.பி.எஸ். ஆனால் கம்ப்யூட்டரில் உட்காருமுன், கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை மகளிடம் கொடுத்து, எட்டுக்கு எட்டில் க முதல் ன வரை பென்சிலால் நிரப்பச் சொல்லுங்கள். எந்த எழுத்து எட்டில் நிற்கும், எதற்கு இரண்டு கட்டம் வேண்டும் என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதில் கெட்டி, எழுத்தின் வளைவுகளை இப்போதுதான் கற்றிருப்பார்கள்.

தலைப்புத் திரை ஒன்றை முடித்ததும் எங்களுக்கு அனுப்புங்கள், தமிழ் எழுத்து டைல்களை மற்ற வாசகர்களும் எடுத்துப் பயன்படுத்தட்டும். ரோம் கோப்பை அனுப்ப வேண்டாம், பேட்ச் மட்டும் போதும்.