அரியலூர்க் கடல்

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே அரியலூர் என்னும் ஊர் உளது. வங்கக் கடல் இன்று அவ்வூருக்கு நெடுந்தொலைவில், கிழக்கே அலை வீசுகின்றது. ஆயினும் அவ்வூரைச் சூழ்ந்த ஓடைக் கரைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிப்பியும் நத்தையும் பவளமும் கல்லாகிக் கிடக்கின்றன. இந்நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்கு அவையே சான்று. கல்லூரிகளில் நிலநூல் பயிலும் மாணவர், சுத்தியலும் குறிப்பேடும் ஏந்தி இவ்வூர்ப்புறத்திற்கு வருவது நெடுநாளைய வழக்கம்.

நிலத்தின் அமைப்பையும், அது தோன்றி மாறி வந்த வரலாற்றையும் ஆராய்வது நிலநூல். நிலவியல் என்றும் இதனைக் கூறுவர். இதனைக் கற்கப் புகுந்தோர் முதற்கண் கனிமங்களை அறிதல் வேண்டும். கத்தியால் கீறியும், மெருகிடாத பீங்கானில் உரைத்து நிறங் கண்டும், நீர்த்த அமிலத்தில் ஒரு துளி இட்டும் அவற்றை வேறுபடுத்துவர். சுண்ணாம்புக்கல்லாயின் துளி பட்ட இடம் நுரைத்துப் பொங்கும். பின்னர்ப் பாறையின் சிறு துண்டை, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனமே எஞ்சுமாறு தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பர். கருங்கல்லும் அப்பொழுது ஒளியை உள்ளே விடும். இவை யாவும் கூரையின் கீழ்க் கற்கத் தக்கவை. எஞ்சிய பகுதியைக் காலால் நடந்தே கற்றல் வேண்டும். கால் நோவாமல் இந்நூலில் தேர்ந்தவர் எவரும் உளரோ என்பது ஐயமே.

அரியலூர்ப் பகுதியில் அந்நடையின் பயன் நன்கு விளங்கும். மேற்கே மிகப் பழைய கரும்பாறைகள் உள்ளன. அவற்றின்மேல், கடல் படிவித்த களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவ்வடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்துள்ளமையால், அடியிலுள்ள பழைய அடுக்கு மேற்கிலும், பின்னே தோன்றிய அடுக்கு கிழக்கிலும் தலைகாட்டுகின்றன. ஆகவே மாணவர் கிழக்கே செல்லுந்தோறும் காலத்தால் நம்மை நோக்கி வருகின்றனர். ஊட்டத்தூர்ப் பக்கத்தே காலையில் அவர் தட்டிப் பார்க்கும் அடுக்குகளுட் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அரியலூரை அடுத்தவை ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளைக் கண்டவை.

இவ்வடுக்குகளில் அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் சுருண்ட ஓடு காணப்படும். ஊட்டத்தூரிலும் உண்டு; அரியலூரிலும் உண்டு. இன்னுங் கிழக்கே சென்று நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லை அடைந்தால் அது இல்லை. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் அவ்வினம் அற்றுப்போயிற்று; பெரும் ஊர்வனவாகிய டைனசார்களும் அக்காலத்தேதான் மறைந்தன. ஒரு பொருளை நாள் முழுதும் தேடிக் காணாமையும் ஒரு செய்தியே என்பதை மாணவர் இங்கே அறிகின்றனர். இத்தகைய கல்வி வேறு சில நூல்களில் எளிதிற் கிட்டாது.

ஆயின், சான்று சான்றாக நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காரை என்னும் ஊருக்கருகே களிமண் மேடுகளை மழைநீர் அறுத்துப் பல பள்ளங்களாக்கி இருக்கின்றது. கணவாய் மீனுக்கு உறவான பெலெம்னைட்டு என்னும் உயிரின், துப்பாக்கிக் குண்டு போன்ற உள்ளோடுகள் பள்ளத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும். புதிதாக வந்த மாணவர் அவற்றை ஆவலோடு பொறுக்கிப் பையில் இடுவர். ஆசிரியரோ, “இது எந்த அடுக்கிலிருந்து விழுந்தது?” என வினவுவார். விடை தெரியாதாயின், அப்பொருள் அழகிய கல்லே அன்றிச் சான்றன்று. கரைமேல் ஏறி, அது பதிந்திருந்த அடுக்கைக் கண்டு, அடுக்கின் சாய்வை அளந்து, இடத்தைப் படத்திற் குறித்து, சீட்டு ஒட்டிய பின்னரே அது பேசத் தொடங்கும்.

இச்சீட்டின் அருமையை இப்பகுதியின் வரலாறே காட்டுகின்றது. ஹென்றி பிளான்போர்டு என்பார் இவ்விடங்களை அளந்து, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்து, 1862இல் நூல் வெளியிட்டார். அவரும் துணைவரும் திரட்டிய புதைபடிவங்களிற் பெரும்பாலானவற்றைக் கல்கத்தாவில் ஆராய்ந்தவர் பெர்டினண்டு ஸ்டோலிச்கா. மொராவிய நாட்டினராகிய அவர் 1873 வரை உழைத்து அவற்றை வகுத்து எழுதினார். மறு ஆண்டே மலைப்பயணத்தில் லடாக்கில் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 36. எடுத்த இடம் குறியாமல் அக்கற்கள் அவர் மேசைக்கு வந்திருப்பின், எவ்வளவு புலமை இருந்தும் அவற்றைக் கால வரிசையில் நிறுத்துதல் அரிது.

பின்னர் இந்நாட்டு மாணவரே இத்துறையில் தலைமை பெற்றனர். தஞ்சையில் 1898இல் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன் 1951இல் இந்திய நிலநூல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் 18 மீட்டர் நீள மரத்தை 1940இல் உலகிற்கு அறிவித்தவர் அவரே.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்கு மூலப்பொருள். கடலுயிர்களின் ஓடுகளே இன்று வீட்டுச் சுவராகவும் பாலமாகவும் மாறுகின்றன. சுரங்கம் தோண்டுவோர் இல்லையேல் பல அடுக்குகள் கண்ணிற் படாமலே இருந்திருக்கும். தோண்டுவதாலேயே அவை அழிந்தும் போகின்றன. வெடி வைத்துத் திறந்த புதிய பாறைமுகத்தின் எதிரே மாணவர் நாடாவைப் பிடித்து ஒவ்வோர் அடுக்கையும் அளந்து எழுதுகின்றனர். அடுத்த ஆண்டு வருவோருக்கு அம்முகம் இராது. அவர்கள் எழுதிய குறிப்பும், சீட்டு ஒட்டிய சிப்பிகளும் கல்லூரி அலமாரியில் இருக்கும்.