மில்லில் அடிபட்டா முதல்ல மருந்து, அடுத்து எழுத்து

பாளையம்பட்டியில ஷிப்டு வண்டி ஏறி அருப்புக்கோட்டைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போற தங்கச்சி, உனக்குத்தான் இது.

ரிங் பிரேம்ல விரல் சிக்கிடுச்சுன்னு வச்சுக்கோ. கட்டுப் போட்டதும், "நாலு நாள் ரெஸ்ட் எடும்மா, சிக் லீவுல பாத்துக்கலாம்"னு சூப்பர்வைசர் சொல்வாரு. தலையாட்டிடாத. ஈ.எஸ்.ஐ.யில உடம்பு சரியில்லாத லீவுக்கு சம்பளத்துல 70 சதவீதம்தான். அதுக்கும் முன்கூட்டியே 78 நாள் சந்தா ஓடியிருக்கணும். வேலையில பட்ட காயம்னா 90 சதவீதம். சேர்ந்த அன்னைக்கே அடிபட்டாலும் உண்டு. அடிபட்ட நாளை விட்டுட்டு மூணு நாளாவது வேலைக்குப் போக முடியாம இருக்கணும், அவ்வளவுதான். பின்னாடி விரல் மடங்காமப் போனா, மாசாமாசம் வர்ற ஊனத் தொகைக்கும் வேலைக் காயம்ங்கிற பதிவுதான் ஆதாரம். ஆள்காட்டி விரல் முழுசாப் போனா சட்ட அட்டவணையில 14 சதவீத இழப்பு. "வீட்டுல வழுக்கி விழுந்தேன்"னு எழுதிக் கொடுத்துட்டா அதுல ஒண்ணும் கிடையாது.

மில்லுல விபத்துப் புத்தகம் வச்சிருக்கணும். தேதி, நேரம், எந்த மெஷின், எந்தக் கை, பக்கத்துல யார் நின்னா எல்லாம் அதுல ஏறணும். வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு. வெத்துத்தாள்ல போடவே போடாத. உள்ள போன் விடமாட்டாங்களே, அதனால பாத்தவங்க ரெண்டு பேர் பேரை ராத்திரியே வீட்டு நோட்டுல குறிச்சு வை. டாக்டர்கிட்டயும் "மில்லுல, மெஷின்ல" அப்படின்னே சொல்லு. ஓ.பி. சீட்டுல அது இருக்கான்னு பாத்துட்டு வெளிய வா.

48 மணி நேரம் வேலைக்கு வரமுடியாத காயம்னா, மில் நிர்வாகம் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிச்சே ஆகணும். 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துலயும் இந்தக் கணக்கு மாறலை. சில இடத்துல மறுநாளே கட்டோட கூப்பிட்டு, "சும்மா உக்காந்திரு தாயி"ன்னு வருகை போடுறாங்களே, அந்தப் பாசத்துக்குக் காரணம் இதுதான்.

மில் வண்டி கவிழ்ந்தாலும் வேலைக் காயக் கணக்குல வரும். போக வர நடக்கிற விபத்தை 2010லயே ஈ.எஸ்.ஐ. சட்டத்துல சேர்த்துட்டாங்க.

பஞ்சுத் தூசி விஷயம் வேற மாதிரி. அதுக்கு விபத்துத் தேதியே கிடையாது. புளோரூம்லயோ கார்டிங்லயோ வேலை பாக்கிறவளுக்கு, வார லீவு முடிஞ்ச முதல் ஷிப்டுல மட்டும் நெஞ்சு இறுக்கிப் பிடிச்சா, அது பிசினோசிஸா இருக்கலாம். சட்டம் ஏத்துக்கிட்ட தொழில் நோய் அது. கண்டுபிடிக்கிற டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்கணும். ஆனா எந்த செக்‌ஷன், எத்தனை வருஷம்னு நீ சொல்லாட்டி ஆஸ்துமான்னு எழுதி இன்ஹேலர் கொடுத்து அனுப்பிடுவாங்க.

பத்துப் பேருக்குக் கீழ உள்ள விசைத்தறிக் கூடத்துல ஈ.எஸ்.ஐ. இருக்காது. அங்க இழப்பீடு முதலாளிதான் தரணும். தரலைன்னா தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட மனுப் போடு; ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.